பிளக்கைக் கழற்றிய பிறகும்

லண்டனிலுள்ள என் தம்பி அனுப்பிய பாகங்களை வைத்து, கல்லடியில் எங்கள் வீட்டு மேசையில் மகள் தன் கிட்டாருக்குச் சத்தம் கூட்டுகிற ஒரு வால்வு அம்ப்ளிபயர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே கொஞ்ச நேரம் கரண்ட் நிற்கும், ஆளையே கொன்றுவிடும் என்று என்னை அதன் பக்கமே விடமாட்டாள்.

போன மாதம் ஒரு காலை, இராணுவத்தினர் வீடு வீடாகச் சோதித்து வந்தார்கள். வயர்களைக் கண்ட சிப்பாய் ஒருவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டிக்குள் கையை விடப் போனான்.

"தொடாதீங்க" என்று மகள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

மற்றவர்களின் துப்பாக்கிகள் அவள் பக்கம் திரும்பின. எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களமும் வாயில் வரவில்லை. அவள் மெதுவாக ஸ்குரூடிரைவரை எடுத்து, உள்ளே இரண்டு முனைகளைச் சேர்த்துத் தொட்டுக் காட்டினாள். படீரென்று நெருப்புப் பறந்தது. கையை விடப் போனவன் தன் விரல்களைப் பார்த்தான். பிறகு துப்பாக்கிகளைத் தாழ்த்தச் சொல்லி, மற்றவர்களை வெளியே கூட்டிப்போனான்.

"சுட்டிருந்தானென்டா நான் என்னகா செய்வன்?" என்று அவளை அடித்துவிட்டேன்.

"அவன் செத்திருப்பானம்மா" என்றாள்.

அவனும் சாகக்கூடியவன் என்று அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை. யாரென்று பார்க்காமல் கையைத் தட்டிவிடுகிற பிள்ளையை இந்த ஊரில் எப்படிக் காப்பாற்றப்போகிறேன் என்று தெரியவில்லை.