மஞ்சள் டேப்

சின்ன பவர் சப்ளை ஒன்றுக்காக, கட்டைவிரல் அளவு டிரான்ஸ்பார்மரில் செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். மஞ்சள் டேப்பைப் பிரித்ததும் எழுந்த பசை வாசனை, தொண்ணூறுகளின் ராஜபாளையத்து வீட்டுக்கு என்னை இழுத்துப் போனது.

அப்போது எனக்குப் பத்து வயது. பாலிடெக்னிக்கில் படித்த அக்கா, அப்பாவின் ரேடியோவுக்கு இதே போல ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். வீட்டுக் கரண்ட் ஓடும் கம்பிக்கும் ரேடியோவுக்குப் போகும் கம்பிக்கும் நடுவே டேப்பை மூன்று சுற்று சுற்ற வேண்டும்; குறைந்தால் வீட்டுக் கரண்ட் ரேடியோவுக்குள் பாய்ந்துவிடும். ஒரு சுற்றிலேயே தீர்ந்துவிட்டது. மீதியை அவளிடம் கேட்காமல் நான் என் நோட்டுகளுக்கு ஒட்டியிருந்தேன்.

"போட்டும்ட்டி, இம்புட்டுப் போதும்," என்றாள்.

அன்று சாயங்காலம் மில்லிலிருந்து வந்து கைகால் கழுவிய அப்பா, அக்கா அதை மாட்டி வைத்திருந்த ரேடியோவின் ஏரியலை ஈரக்கையோடு தொட்டார். தூக்கி எறியப்பட்டுச் சுவரில் மோதினார். பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை.

"எங்கட்டி தப்பு நடந்துச்சு?" என்று பொறுமையாகத்தான் கேட்டார்.

"அவசரத்துல டேப்பைக் கொறச்சுட்டேம்ப்பா," என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் அதே நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அக்கா அதன்பிறகு சால்டரிங் அயர்னைத் தொடவில்லை.

இப்போது, என் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி முடித்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"என்னட்டி செய்யுத?"

"சும்மாதான் இருக்கேங்க்கா," என்றேன்.