இஞ்சி போன வழியைச் சொன்ன அண்ணன்

அண்ணாமலையார் திருவடியில் அண்ணன் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கு அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். ஆனாலும் ஒன்றை எழுதியே ஆக வேண்டும்.

அண்ணன் பிறந்தது அடி அண்ணாமலையில். அப்பா காலமானதும் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கிரிவலப் பாதையில் டீக்கடை போட்டு, என்னையும் கட்டிக்கொடுத்தார். கடைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் ‘ஜிஞ்சர் டீ’ கேட்பார்கள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு ஒரே யோசனை. வாரம் தவறாமல் நூலகம் போவார். இங்கிலீஷ் தெரியாததால் அங்கிருந்தவரைப் படித்துச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். நம் இஞ்சி வேர்தான் வியாபாரிகளோடு போய், பாலி மொழியில் சிங்கிவேரம், கிரேக்கத்தில் ஜிங்கிபெரிஸ், லத்தீனில் ஜிங்கிபெர் ஆகி, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷில் ஜிஞ்சர் ஆனதாம். தேவாரம் போல மனப்பாடமாகச் சொல்வார்.

என் மகளின் நிச்சயதார்த்தத்தில் எல்லோருக்கும் அவரே இஞ்சி டீ போட்டார். வேங்கிக்காலில் ஆபீஸராக இருக்கும் சம்பந்தி டீயைப் புகழ்ந்ததும், தாய்மாமனாகத் தாம்பூலத் தட்டைப் பிடித்தபடியே அண்ணன் ஆரம்பித்துவிட்டார். பாலி வரைக்கும்தான் வந்திருப்பார்.

“அண்ணா, போதும். வந்தவங்க படிச்சவங்க. டீக்கடைக் கதைய கடையோட வச்சிக்க” என்றேன்.

சபை சிரித்தது. அண்ணனும் சிரித்துக்கொண்டே தட்டைக் கொடுத்தார். அதன்பிறகு என்னிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் பக்கத்திலேயே இருந்தேன். மீதியைச் சொல் அண்ணா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காரியத்தன்று சம்பந்தி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“சம்பந்திம்மா, உங்க அண்ணன் சொன்னது சரிதாங்க. அகராதியில பாத்துட்டேன். நிச்சயத்துக்கு மறுநாளே கடைக்குப் போயி மிச்சத்தையும் கேட்டுக்கினேன். ‘தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க, சங்கடப்படும்’னாரு. அதான் இவ்ளோ நாளு சொல்லல.”

கூனிக்குறுகிப் போனேன். கோயிலுக்குப் போனாலும் சாமியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், கடைசிவரை தோள் கொடுத்த அடி அண்ணாமலை ஊராருக்கும், மேலே உள்ள மொழிகளை வரிசை தவறாமல் எழுதிக் கொடுத்த சம்பந்திக்கும் என் நன்றி. அன்று சிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிரிக்க வைத்தவள் நான். அவரைத் தலைகுனிய வைத்தது உங்கள் எல்லோர் முன்னாலும். அதனால்தான் மன்னிப்பையும் உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு, அண்ணா.