படிக்கத் தெரியாத மாமாவின் பர்மாக் கதை

எங்கள் ஹைதராபாத் கொண்டாப்பூர் அடுக்ககத்தில் தமிழ்க்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையில் பூப்படம், மாலையில் தண்ணீர் லாரி வந்ததா என்ற விசாரணை, இரண்டுக்கும் நடுவே இலக்கியம். போன வாரம் அதில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: ஐம்பதுகளில் வந்த, அந்தக் காலத்தைப் பற்றிய கதைகளில் கட்டாயம் படிக்க வேண்டியவை எவை, பெரியவர்கள் யாராவது சிபாரிசு செய்யுங்கள் என்று. பெரியவர்கள் என்றது என்னைத்தான் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் வந்த கோபம் அடங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

சிபாரிசு என்றால் எனக்கு மாமா ஞாபகம்தான் வரும். என் அம்மாவின் அண்ணன். மௌலா அலி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஜன்னலைத் திறந்தால் குன்றின் மேல் தர்கா தெரிகிற வீட்டில் இருந்தார். அந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் எந்தக் கதையைப் படிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று தீர்ப்பு சொல்கிற அதிகாரம் அவர் கையில் இருந்தது. இதில் இருந்த ஒரே சங்கடம், மாமாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

சிரிக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்திலேயே சிக்கந்தராபாத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. மாமா படித்தது நிஜாம் காலத்து உருதுப் பள்ளிக்கூடத்தில். பேப்பரை வலமிருந்து இடமாகத்தான் படிப்பார், கையெழுத்தும் அந்தப் பக்கமிருந்துதான் கிளம்பி வரும். அம்மா படிக்கப் போனபோது தெலுங்கு வந்துவிட்டது, நான் போனபோது இங்கிலீஷ். வீட்டுக்குள் பேசுவது மட்டும் தமிழ், அதிலும் பாதி ஹைதராபாத் உருது: வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ், எதற்கு என்பதற்கு கைக்கு. அந்த வீட்டில் தமிழ் எழுத்து தெரிந்த ஒரே ஆள் அத்தைதான்.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, திருநெல்வேலியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அவளோடு வந்த டிரங்குப் பெட்டி நிறையக் கதைகள். அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை வாரா வாரம் கிழித்து அடுக்கிவைத்து, கதை முடிந்ததும் பைண்டு பண்ணிக்கொள்வார்கள். பின்பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரம் இருக்கும், பாதி ஜோக் இருக்கும், மீதிப் பாதி எங்கே போனதோ தெரியாது. அந்த வீட்டில் யாரும் எந்தக் கதைக்கும் தலைப்பு சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கதை, கிணற்றுக் கதை, பர்மாக் கதை என்றால் தீர்ந்தது.

மாமா வேலை விட்டு வந்து, முகம் கழுவி, டீ குடித்து முடித்ததும் அத்தை புத்தகத்தை எடுப்பாள். இரண்டு பேரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். அத்தைக்கு விரல் வைத்துப் படிக்கிற பழக்கம். மாமா அந்த விரலையே பார்த்துக்கொண்டு கேட்பார். பக்கம் திருப்புகிற வேலை மட்டும் அவருடையது. இப்படிக் கேட்டுக் கேட்டே பெட்டியில் இருந்த அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகம் கேட்டு யாராவது வந்தால், நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி முதலில் வீட்டு நிலவரம் விசாரிப்பார். மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறவளுக்குக் கிணற்றுக் கதை நக்கோ. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு ரேஷன் கதை. அதில் சர்க்கரைக்கு வரிசையில் நிற்கும்போதே இரண்டு பேருக்கும் பிடித்துப் போய்விடும், காலணா செலவில்லாத காதல். புத்தகத்தை வாங்கிக்கொண்டு போகிறவர்களும், இவருக்கு எழுத்து தெரியாது என்பது தெரிந்தேதான் இவர் சொன்னதைக் கேட்டார்கள். ஏனென்றால் மாமா சொன்னது ஒரு தடவையும் பிசகியதில்லை.

பர்மாக் கதையை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டார். அதற்கு முடிவு கிடையாது.

யுத்தத்தில் குண்டு விழுந்து, ரங்கூனிலிருந்து கால்நடையாகவே நம் தேசத்துக்குக் கிளம்பிய ஒரு பெண்ணின் கதை அது. கூட்டத்தில் புருஷனைத் தொலைத்துவிடுவாள். காடு, மழை, காய்ச்சல் எல்லாம் தாண்டி ஓர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்வாள். அக்கரையில் ஓர் ஆள் கையை அசைப்பான். புருஷன்தானா, வேறு யாருமா? அந்த இடத்தில் ‘அடுத்த வாரம்’ என்று போட்டிருக்கும். கதை முடிவதற்குள் அத்தைக்கு முகூர்த்தம் வந்துவிட்டது. சீரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமே என்று அவளுடைய அப்பா அதுவரை வந்ததை அவசர அவசரமாகப் பைண்டு பண்ணிவிட்டார். மிச்சத்தை அங்கே வாங்கிப் படித்துக்கொள்வாள் என்று அவர்கள் நினைத்தார்கள், கிழித்து அனுப்பி வைப்பார்கள் என்று இவள் நினைத்தாள். முப்பது வருஷமாக அந்தப் பெண் ஆற்றங்கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது அத்தை அதை எடுத்துவிடுவாள். கடைசியில் ‘அடுத்த வாரம்’ என்பதையும் சேர்த்து வாசித்துவிட்டுத்தான் மூடுவாள். ஹவ், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவார். அத்தைக்கு அப்படி விட மனசு வராது. அந்தப் பிள்ளை என்ன ஆனாளோ என்று சோறு வடிக்கும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள். எங்கள் சொந்தத்தில் யாரோ காணாமல் போயிருக்கிறார்கள் என்றே நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்து ஆபரேஷன் நடந்தது. ஒரு கண்ணில் கட்டு, மற்றதிலும் பார்வை மங்கல். ஒரு மாதத்துக்குக் கண்ணுக்கு வேலையே கொடுக்கக் கூடாது, கட்டை மட்டும் அவிழ்த்தால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட லீவில் சும்மா கிடந்த என்னை அவளுக்குத் துணையாகக் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்த வாரம் பார்த்துத்தானா வர வேண்டும்! பக்கத்துப் பேட்டையான உப்பலில் ஒரு மதுரைக் குடும்பம் இருந்தது, சென்ட்ரல் கவர்ன்மென்ட் உத்தியோகம், மாமாவின் பழைய வாடிக்கை. அவர்களுக்கு டில்லிக்கு மாற்றலாகிவிட்டது. வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்த அந்த வீட்டு அம்மாள், சாமான் கட்டும்போது பரணிலிருந்து தன் அப்பாவின் புத்தகம் ஒன்று கிடைத்தது என்று பேச்சுவாக்கில் சொன்னார். பாதிக் கதை சொல்வதற்குள் அத்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அதேதான். கிழித்துச் சேர்த்த பக்கம் இல்லை, புத்தகமாகவே அச்சடித்து வந்த முழு பர்மாக் கதை.

அந்த அம்மாள் நல்ல மனசுக்காரர். உங்களுக்குத்தான் கண் முடியவில்லையே, கடைசியில் என்ன ஆகிறதென்று நானே சொல்லிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“முடிவ மட்டும் சொல்லுததுக்கு அது என்ன பரீட்சை ரிசல்ட்டா? வேண்டாம் தாயி.”

அப்பா ஞாபகமாக வைத்திருக்கிற புத்தகம், அதனால் கொடுத்துவிட்டுப் போக முடியாது, லாரி நாளை மறுநாள் வருகிறது, அதற்குள் வேண்டுமானால் படித்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார். மாமா அன்றைக்கே உப்பலுக்குப் போய் வாங்கி வந்துவிட்டார்.

புத்தகம் வந்துவிட்டது, வீட்டில் படிக்கத்தான் ஆள் இல்லை; வந்து உட்கார்ந்து படித்துக் காட்ட வாடிக்கைக்காரர் யாருக்கும் ஒழியவில்லை. மாமாவுக்கு உருது, அம்மாவுக்குத் தெலுங்கு, எனக்கு இங்கிலீஷ். கல்யாணத்துக்குச் சமைத்துவிட்டு இலை வாங்க மறந்த கதைதான். மறுநாள் மத்தியானம் அத்தை புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு அத்தியாயம், கட்டை லேசாகத் தூக்கிவிட்டுப் படித்தால் குடியா முழுகிவிடும் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். கேட்டபடியே அவள் விரல் பிளாஸ்திரியின் ஓரத்துக்குப் போனது. நான் எழுந்து ஓடி, வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் சொன்னேன்.

மாமா கையைக் கூடக் கழுவாமல் உள்ளே வந்தார். அவள் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிலில் தன் இடத்தில் உட்கார்ந்தார். நேற்று உப்பலில் அந்த அம்மாள் கடைசி அத்தியாயங்களை வரி விடாமல் படித்துக் காட்டினார், அதை அப்படியே சொல்கிறேன் என்றார். சாமான் கட்டுகிற அவசரத்தில் அந்த அம்மாள் இவருக்கு உட்கார்ந்து கதை படித்துக் காட்டினாராமா என்று எனக்கே தோன்றியது. அத்தையோ, சொல்லுங்கள் என்று தலையணையில் சாய்ந்துகொண்டாள்.

நான் கீழே உட்கார்ந்து உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். மாமா ஆரம்பித்ததுமே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது மாமா பேசுகிற தமிழே இல்லை. அவளுடைய விழிகளில் நீர் திரையிட்டது என்கிறார். விழியாம், திரையாம். தண்ணி, கண்ணு என்பதைத் தாண்டி எங்கள் மாமா வாயிலிருந்து நான் எதையும் கேட்டதில்லை. அவருக்கே உறைத்திருக்க வேண்டும், நாலு வாக்கியத்துக்கு ஒரு தடவை நடுவில் ஒரு ஹவ் போட்டுக்கொண்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். மடியில் புத்தகம் விரிந்திருந்தது. வரிக்கு வரி அவர் விரல் நகர்ந்துகொண்டிருந்தது, இடமிருந்து வலமாக.

நான் பார்த்ததை மாமா பார்த்துவிட்டார். விரலை வரியிலிருந்து எடுத்து உதட்டில் வைத்தார். அப்புறம் விட்ட இடம் கிடைக்காமல் கொஞ்ச நேரம் இருமினார்.

அக்கரையில் கையசைத்தது புருஷன் இல்லை, படகுக்காரன். அதைக் கேட்டு அத்தை நீளமாக ஒரு மூச்சு விட்டாள். ஆனாலும் அந்தப் பெண் ஆற்றைத் தாண்டினாள். அந்தப் பக்கம் முகாமில் கஞ்சிக்கு வரிசை நின்றது, அவளும் போய்ச் சேர்ந்துகொண்டாள். முன்னால் நின்றவனுடைய முதுகு அவளுக்குத் தெரிந்த முதுகாக இருந்தது. அத்தைக்கு உதடு துடித்தது.

“அழறது நக்கோ. கட்டு நனைஞ்சுடும்” என்றார் மாமா.

அத்தை தலையை ஆட்டினாள். அந்த முதுகு வருகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். மாமா சொன்னார், ஒரு வார்த்தை கூட மாறாமல். நான் எதற்கென்று தெரியாமல் சந்தோஷமாக இருந்தேன். முப்பது வருஷமாக நின்றவள் ஒருவழியாக வீடு சேர்ந்துவிட்டாள் என்று எனக்கும் இருந்திருக்கும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது மாமா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். வழியில் இரானி ஹோட்டலில் நிறுத்தி, கேட்காமலேயே ஒரு பொட்டலம் உஸ்மானியா வாங்கிக் கொடுத்தார். எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அத்தையின் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் தானாக வந்துவிட்டது என்றார், கல்யாணமான மறு வருஷமே. அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

“அத்தைகிட்ட கைக்கு சொல்றது? தெரிஞ்சா, அப்ப நீங்களே படிச்சுக்கோங்கன்னு புக்கைக் கையில குடுத்துடுவா.”

சத்தியம் பண்ணினேன். ஆனால் ரகசியம் வயிற்றில் தங்குகிற வயசா அது? பிஸ்கட் தீர்கிற வரை தாங்கியது. மறுநாள் அத்தைக்குத் தலை வாரிவிடும்போது சொல்லிவிட்டேன். அவள் திடுக்கிடுவாள், மாமாவைக் கூப்பிட்டுச் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவளோ, மாமா பக்கத்தில் எங்கும் இல்லையே என்று முதலில் என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

“தெரியும் ஏட்டி. நான் கடைசி வரிக்கு வரதுக்கு முன்னாலயே பக்கம் திருப்ப அவரு பெருவிரலு வந்து நிக்கும். எத்தன வருசமா பாக்கேன்.”

அப்படியானால் ஏன் கேட்கவில்லை என்றேன். அத்தை என் வாயைப் பொத்தினாள்.

“காட்டிக் குடுத்துராத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பொறவு அவரு தனியா எடுத்துப் படிக்க ஆரம்பிச்சிருவாரு.”

அலமாரி டப்பாவிலிருந்து ஒரு கடலை மிட்டாய் வந்தது. இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கிய உளவாளி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கட்டு அவிழ்த்து, கண்ணாடி வந்த பிறகு முதல் வேலையாக அத்தை பர்மாக் கதையை எடுத்தாள், அந்த முடியாத பழைய பைண்டைத்தான். மாமா முகம் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். விரல் ஓடியது, பெருவிரல் வந்து நின்றது. முடிவு தெரிந்த இரண்டு பேரும் ஆற்றங்கரை வரைக்கும் போய், ‘அடுத்த வாரம்’ என்று வாசித்து மூடினார்கள். ஹவ், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மாமா எழுந்தார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியும், இரண்டு பேருக்கும் கண் இருக்கிறது. ஆளுக்கொரு புத்தகமாக எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால், அதே நேரத்தில் இரண்டு மடங்கு கதை படித்து முடிக்கலாம். இந்தச் சின்னக் கணக்கு கூடத் தெரியாத இவ்வளவு பெரிய மனுஷர்களா என்று அவர்களை நினைத்துப் பாவமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் எப்போதும் முதல்.

குழுவில் அந்தத் தம்பிக்குப் பர்மாக் கதையைத்தான் சிபாரிசு செய்தேன். பி.டி.எஃப். இருக்கிறதா என்று கேட்டார். அந்த லீவுக்குப் பிறகு அத்தையிடம் நானும் தமிழ் எழுத்து கற்றுக்கொண்டிருந்தேன்; ரங்கூன், யுத்தம், ஆறு என்று அடையாளங்களை வைத்தே தேடிப் பிடித்து, நேற்று அதை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். தெலுங்குக்காரர், பேசினால் தமிழ் புரியும், படிக்க வராது. மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு நான் திரையின் கடைசி வரிக்குப் போவதற்குள் அவருடைய கட்டைவிரல் வந்து பக்கத்தைத் தள்ளிவிட்டது. நான் ஒன்றும் கேட்காமல் மேலே படித்தேன்.