மெழுகுக்குள் ஒரு முழ மண்

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தபடியே முனைவர் பட்டத்துக்கு ஆய்வும் செய்துகொண்டிருந்தேன். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் நிலத்தில் இறங்கும்போது அதில் எது மண் துகளில் ஒட்டிக்கொள்கிறது, எது எங்கும் நிற்காமல் கிணறு வரை போய்விடுகிறது என்பதுதான் என் கேள்வி. அதற்கு வேண்டிய மண் ஒரு பெண்ணின் மல்லிகைத் தோட்டத்தில் இருந்தது.

என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அக்கா என்றே கூப்பிட்டேன். அவருக்கு நான் டீச்சர். பக்கத்து ஓடையில் கழிவுநீர் ஓடி ஓடி அவர் கிணறு உப்பாகிவிட்டது. மல்லிகை இலைகள் ஓரம் கருகிக்கொண்டிருந்தன. கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டலாம் என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் குழாயை வரப்போரம் நிறுத்தி, சம்மட்டியால் அடித்து மண்ணுக்குள் இறக்கினேன். அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் டீச்சர், மண்ணு வேணும்னா ஒரு சாக்குல அள்ளித் தந்துருவேன்ல? அத எதுக்கு இந்த அடி அடிக்கிறீங்க?"

அள்ளிய மண்ணில் வேர் போன தடமும் மண்புழு போன வழியும் கலைந்துவிடும், தண்ணீர் அந்த வழிகளில்தான் போகிறது, எனக்கு மண் கலையாமல் வேண்டும் என்றேன். "அப்ப சரி" என்று சம்மட்டியை அவர் வாங்கிக்கொண்டார்.

அப்படி எடுத்த ஆறு குழாய்களும் வீணாயின. ஆய்வகத்தில் மேலே ஊற்றிய உப்புத் தண்ணீர் அரை மணி நேரத்தில் கீழே வந்து நின்றது. கணக்குப்படி ஒரு நாளாவது ஆக வேண்டும். என் வழிகாட்டிப் பேராசிரியர் நான் முடிவுகளை எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "மறுபடி செய்யுங்க" என்றார். கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். பிறகு நீல உணவுச் சாயத்தைக் கரைத்து ஊற்றி, குழாயை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். நடுவில் மண் சிவப்பாகவே இருந்தது. குழாயின் சுவரை ஒட்டி மட்டும் நீலம். அடித்து இறக்கியதில் மண்ணுக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறது. தண்ணீர் அந்தக் குறுக்கு வழியில் போயிருக்கிறது.

வேறு வழி ஒன்றுதான். சுற்றிலும் வெட்டி, மண்ணை ஒரு தூண் போலச் செதுக்கி நிறுத்த வேண்டும். அதன்மேல் குழாயை மாட்டி, இடைவெளியில் உருக்கிய மெழுகை ஊற்ற வேண்டும். என் கைக்கு அந்தத் தூண் நிற்கவில்லை. மூன்று முறை சரிந்தது.

மறுநாள் "தள்ளுங்க டீச்சர்" என்று அக்கா உட்கார்ந்தார். முந்தின நாளே புது இடம் ஒன்றில் லேசாகத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். களைக்கொத்தியால் சுற்றிலும் இறக்கி, பிறகு வெண்டைக்காய் நறுக்கும் கத்தியால் இழை இழையாகச் சீவினார். ஒரு வேர் நீட்டிக்கொண்டு வந்தது. நான் இழுக்கப் போனேன்.

"ஐயய்யோ, இழுக்காதீங்க! இழுத்தா உள்ள ஓட்டை விழுந்துரும்ல?" என்று சொல்லி பிளேடால் அதை ஒட்ட நறுக்கினார்.

நான் அதை யோசிக்கவே இல்லை.

சர்ச்சுக்கு எதிர்க்கடையில் வாங்கிய மெழுகுவத்திகளை அவர் அடுப்பிலேயே உருக்கி ஊற்றினோம். ஒரு முழ உயரத்துக்கு மண், அசையாமல் நின்றது. அதை டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர், "என்னம்மா, பாம் கீம் வச்சிருக்கீங்களா?" என்றார். மண் என்றேன். அதற்கப்புறம் வழி முழுக்க என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார்.

அப்படி எட்டுத் தூண்கள். இந்த முறை மேலே ஊற்றிய கழிவுநீர் ஒழுங்காக இறங்கியது. தோல் பதனிடப் போடும் குரோமியம் மேல்மண்ணில் இரண்டு விரல்கடைக்குள் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. உப்பு எதிலும் ஒட்டாமல் அப்படியே கீழே போனது. பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். உப்பு மளமளவென்று குறைந்தது. அதன்பின் குறையவே மாட்டேன் என்றது. மண்கட்டிகளுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகளில் புகுந்த உப்பு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்துகொண்டிருந்தது.

இதைச் சொல்லப் போனபோது அக்கா பூக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப சரியாகும் டீச்சர்?"

"மழை பெஞ்சா உப்பு குறையும்க்கா. ஆனா வருசக்கணக்குல ஆகும். எத்தனை வருசம்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"கெணத்த வெட்டுனா?"

"உப்பும் கீழதான் போகுது. வெட்டுறதுக்கு முன்னாடி பக்கத்துத் தோட்டத்துல ஆழமாப் போட்ட போர்த் தண்ணியச் சோதிச்சுப் பாப்போம்."

பாட்டிலில் பிடித்து வந்து பார்த்தேன். அதுவும் உப்பு. கிணறு வெட்டுவதைக் கைவிட்டார்கள். "அப்ப மழையத்தான் புடிச்சு வைக்கணும்" என்றார் அக்கா. மழைத் தண்ணீர் ஓடிவிடாமல் தோட்டத்திலேயே நின்று இறங்கட்டும் என்று, அந்தக் கோடையிலேயே வரப்புகளை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிவிட்டார்கள்.

ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அக்காவின் பெயரை எழுதி, கொண்டுபோய்க் காட்டினேன். கணவர் பெயரையும் சேர்த்திருக்கலாமோ என்று கூச்சத்தோடு கேட்டேன்.

"அவரு பேருதான் ரேஷன் கார்டுல இருக்குல்ல. இதுல எம்பேரு மட்டும் இருக்கட்டும்" என்று சிரித்தார். பக்கத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

சில வருடங்களில் ஓடையில் கழிவுநீர் வருவது நின்றது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்குப் பிறகும் போய்க் கிணற்று நீரைச் சோதித்துச் சொல்லிவந்தேன். ஒரு வருடம் உப்பு இறங்கும், மழை பொய்த்தால் மறு வருடம் ஏறும். இரண்டாயிரத்துக்குப் பிறகு நல்ல மழை பெய்த ஒரு வருடத்தில் பாதித் தோட்டத்தில் சம்பங்கி வைத்தார், பிழைத்துக்கொண்டது. ஓடையை ஒட்டிய மறுபாதியை அவர் இன்னும் தொடவில்லை. என் வேலைக்கு, என் பட்டத்துக்கு, இன்று என் மாணவிகள் மண்தூண் செதுக்கும் முறைக்கு அவர் கைதான் காரணம் என்று பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும், "சரி சரி, சாப்டீங்களா?" என்று உள்ளே எழுந்து போய்விடுவார்.