ஒரு சோடிச் சப்பாத்தும் என் செருப்பும்

போன மாதம் ஒரு புதன்கிழமை சண்டிலிப்பாயிலிருந்து கொக்குவிலுக்குப் போய் வந்தேன். தூரம் பெரிதல்ல. ஆனால் வழிநெடுகப் பெயர்ப்பலகைகளை நானே வாசித்துக்கொண்டு போன முதற் பயணம் இது. எழுத்துப் பழகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. நாலாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி, தன் வகுப்பைப் பார்க்க வரும்படி கூப்பிட்டிருந்தாள்.

காலை ஏழரைக்கு ஓட்டோவில் சுன்னாகம் புறப்பட்டேன், அறுநூறு ரூபாய்.

"எங்கை ஐயா, வெள்ளனவே?" என்றார் சாரதி.

"பள்ளிக்கூடத்துக்கு."

"படிக்கவோ?"

"ஓம் தம்பி. கொஞ்சம் பிந்திப்போச்சு."

சுன்னாகத்தில் ரயில் ஏறினால் கொக்குவில் கிட்டத்தான். சீட்டின் விலை ஒரு தேத்தண்ணியை விடக் குறைவு.

வகுப்புச் சுவரில் ஒரு படம். ஒல்லாந்து நாட்டுப் பிரபல ஓவியர் ஒருவர் வரைந்த பழைய சப்பாத்துச் சோடி. நாடா அவிழ்ந்து, தோல் தேய்ந்து கிடந்தது. இந்தத் தவணை எல்லாப் பாடமும் அதிலிருந்துதான். கணிதத்துக்குத் தங்கள் பாதங்களை அளந்தார்கள். சுற்றாடல் பாடத்துக்கு ஊர் ஊராக மண் சேர்த்தார்கள். தமிழுக்கு, அதைப் போட்டவர் எங்கே போய் வந்தார் என்று எழுதினார்கள். "பஸ் நிற்கவில்லை, அதனால் நடந்தார்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது.

மத்தியான ரயிலைப் பிடிக்க வெளியே வந்தால் வாசலில் என் செருப்பைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். அது மேசையில் இருந்தது. நாலு பிள்ளைகள் சுற்றியிருந்து வரைந்தார்கள். ஒருத்தி அதில் ஒட்டியிருந்த செம்மண்ணைச் சுரண்டினாள்.

"ஐயா, மற்றக் கால் இன்னும் கீறேல்லை."

"அப்ப நான் ஒற்றைக் காலிலையே போறது?"

"கொக்கு நிக்குதுதானே" என்றான் ஒருவன்.

ரீச்சர் ஒரு தாளை நீட்டினார். "செருப்பு எங்கை போய் வந்ததெண்டு அதின்ரை சொந்தக்காரர் ஒரு வசனம் எழுதவேணும், ஐயா. வந்த ஆக்கள் எல்லாரும் எழுதினவை."

எழுத்துச் சொல்லித்தந்த என் மகளைத் தவிர வேறு எவர் முன்னாலும் நான் எழுதியதில்லை. பேத்தி மெல்லக் கிட்ட வந்தாள்.

"நான் எழுதட்டே, அம்மப்பா? ரயில் வரப்போகுது."

அவள் எழுதினால் ரயிலைப் பிடிக்கலாம். வகுப்பே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம் பிள்ளை. அது போகட்டும்."

பாதி எழுதும்போது ரயில் கூவிக்கொண்டு போனது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. 'இந்தச் செருப்பு வெங்காயத் தோட்டத்துக்குப் போகும். இன்று பள்ளிக்கூடம் வந்தது' என்று எழுதி முடித்தேன்.

"ரீச்சர், ஐயா ரெண்டு வசனம் எழுதிப்போட்டார்" என்று ஒருத்தி கோள் சொன்னாள். இரண்டையும் படத்தின் கீழ் ஒட்டினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் ரீச்சருக்கும் நான் நன்றியுள்ளவன்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: திரும்பும் ரயில் நேரத்தை முதலே கேட்டு வையுங்கள், தவறினால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்கவேண்டும். நான் பஸ்ஸில் வந்தேன். அவசரப்படாமல் ஆறுதலாகப் போங்கள். செருப்பைக் கழுவிவிட்டுப் போகாதீர்கள்.