மோட்டார்ஹோம் விற்றவனின் வயிற்றெரிச்சல்

கார் விற்கிறவனுக்குப் பொய் சொல்லத் தெரிந்தால் போதும். மோட்டார்ஹோம் விற்கிறவனுக்கு, வாங்க வந்தவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்யைக் கேட்டுத் தலையாட்டவும் தெரிய வேண்டும். கடையிலோ கந்தோரிலோ கவுண்டரிலோ நின்று, வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்துக் காட்டிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் என் வயிற்றெரிச்சல் விளங்கும். இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

தொண்ணூறுகளில், நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்தில், ஒனிஹங்காவில் ஒரு யார்டில் எனக்கு வேலை. பாவித்த மோட்டார்ஹோம்களை வாங்கித் திருத்தி விற்போம், வாடகைக்கும் விடுவோம். ஒரு பெரிய வானுக்குள் கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ் எல்லாவற்றையும் அடைத்து வைத்தால் அதுதான் மோட்டார்ஹோம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புதிதாகப் பென்ஷன் எடுத்தவர்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: வீடுவாசலை விட்டுவிட்டு இப்படி ஊர் சுற்றுகிற வாழ்க்கை எங்களுக்கு ஒத்துவருமா? முதலாளி டெரிக் சொல்லித்தந்த பதில், ‘உங்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.’ பல்லைக் கடித்துக்கொண்டு நானும் அதையே சொன்னேன். எத்தனை நாளைக்குத்தான் சொல்வது?

கதவைச் சாத்திப் பார்த்தேன்

கடைசியில் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். சோடியாக வருகிறவர்களை வானுக்குள் ஏற்றி, கேத்திலைக் கையில் கொடுத்து, ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவேன். மழை நாளென்றால் இன்னும் நல்லது. ஒக்லாந்தில் அதற்கா பஞ்சம்? ஒரு தேத்தண்ணி ஊற்றுகிற நேரத்துக்குள் இரண்டு பேருக்கும் தங்கள் வயதும் மற்றவருடைய முழங்கையும் தெரிந்துவிடும். டெரிக்குக்கு இது துண்டாகப் பிடிக்காது. கதவைத் திறந்துவிடத்தான் உனக்குச் சம்பளம், சாத்துவதற்கு இல்லை என்று ஒருநாள் எல்லாருக்கும் முன்னால் ஏசினார்.

அன்றைக்கு வந்தவர் ஒரு வெள்ளைக்காரர், பாங்க் மானேஜராக இருந்து ஓய்ந்தவர். வீட்டை விற்பதாக ஏற்கெனவே ஏஜென்டிடம் சொல்லிவிட்டாராம். எங்கெங்கே போவது, எத்தனை மாதம் தங்குவது, எந்தத் திரைச்சீலை போடுவது, எல்லாம் முடிவு. மனுசி நனைந்த கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றா. அவவிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா இந்த மனுசன்? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இரண்டு பேரையும் ஏற்றிக் கதவைச் சாத்தினேன். உள்ளே ஏதோ விழுகிற சத்தம், பிறகு அவர் புத்தி சொல்கிற சத்தம். மனுசி மட்டும் இறங்கி என்னிடம் வந்து, மிக மரியாதையாகக் கேட்டா: "வீட்டை விற்காமல், இவரை மட்டும் இதில் அனுப்பி வைக்க ஏதாவது வழி இருக்கிறதா?"

அடுப்புக்குப் பக்கத்தில்

எங்கட இலங்கைத் தமிழ் ஆட்கள் அந்த யார்டுப் பக்கம் வருவதில்லை. அதனால் ஒரு சனிக்கிழமை தர்மலிங்கம் அண்ணையும் மனுசி பவானி அக்காவும் வந்து இறங்கியபோது, வழி கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மவுண்ட் ஆல்பர்ட்டில் மகன் வீட்டில் இருக்கிறவர்கள். அண்ணை நியூ லின்னில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்ந்தவர். அக்கா முதியோரைப் பராமரிக்கிற ரெஸ்ட் ஹோம் ஒன்றில் வேலை செய்து, அந்த வருசம்தான் நின்றவ.

வான் வேண்டுமென்று கேட்டது அக்கா. அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் குறை சொல்ல வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரிச் சுற்றிப் பார்த்தார். கக்கூஸ் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடுப்படியில் நின்று கை நீட்டினால் கக்கூஸ். இதுக்குப் பக்கத்தில் வைத்துச் சமைத்த சோற்றை மனுசர் தின்னுவினமோ என்று கேட்டார். கீழே ஒரு பெட்டி இருக்கும், நிறைந்தால் கழற்றிக்கொண்டுபோய் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று நான் விளக்கினேன். ஆர் கழுவுறது என்றார். கேள்வி எனக்கு, பார்வை மனுசியிடம். வெள்ளைக்காரரும் சரியாக இந்த இடத்தில்தான் திரும்பி மனுசியைப் பார்ப்பார்கள். உலகத்து ஆம்பிளைகள் எல்லாருக்கும் சுதந்திரம் வேண்டும், பெட்டியை மட்டும் பொம்பிளை சுமக்க வேண்டும். எனக்கு வந்த விசருக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அக்கா முந்திக்கொண்டா. குனிந்து பெட்டியை இழுத்துப் பார்த்து, திரும்பத் தள்ளிவிட்டு நிமிர்ந்தா: "பத்து வருசமாய் ஆர் ஆரின்ரையோ கழுவிப்போட்டன். இனி உங்கட முறை."

ஸ்டியரிங்கில் அக்கா

அடுத்த கிழமை அக்கா தனியாக வந்தா. ஓடிப் பார்க்க வேண்டுமாம். டெரிக் கந்தோரை விட்டு வெளியே வந்து கைகட்டி நின்றார், எங்கே உரசப்போகிறா என்று பார்க்க. அவருக்கு என்ன தெரியும்? ரெஸ்ட் ஹோமில் ஞாயிற்றுக்கிழமைகளில் கிழவர் கிழவிகளை மினிபஸ்ஸில் ஏற்றிக் கடற்கரை காட்டியது இவதான். இரண்டு வான்களுக்கு நடுவில் இருந்து பின்பக்கமாக வெட்டி எடுத்து றோட்டில் ஏற்றினா. டெரிக் கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பக்கத்துச் சீட்டில் இருந்தேன். பாலத்தைத் தாண்டி மாங்கெரே பக்கம், மனுக்காவ் தண்ணி தெரிகிற ஒரு இடத்தில் நிற்பாட்டினா. கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகுதான் கதை வந்தது. விடிய எழும்பி ஆறு பேருக்கும் சாப்பாடு. பேரப்பிள்ளைகள் இரண்டையும் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், பின்னேரம் ஏற்ற வேண்டும். மருமகளுக்கு மாறி மாறி ஷிஃப்ட், அதற்கேற்ற மாதிரி இரவுக்கறி. ஒருத்தரும் கொடுமைப்படுத்தவில்லையாம், எல்லாரும் நல்ல பிள்ளைகளாம். வேலையை விட்டது ரெஸ்ட் ஹோமில் மட்டும்தானாம். முழங்கால் தேய்கிறது, கிளச் மிதிக்கிற கால் இன்னும் ஒன்றிரண்டு வருசம்தான் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் தெற்குத் தீவுக்குப் போய், அங்கே உள்ள ஏரிகளுக்குப் பக்கத்தில் நின்று ஆறுதலாகப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அந்த மனுசியின் ஆசை. எனக்கு ஆர் மேலென்று தெரியாத கோபம் வந்தது. என்ன செய்யப்போகிறியள் என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டித் தடுத்தா: "இவ்வளவு நேரமாய் ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை, தம்பி. நீங்களும் கேளாதேங்கோ."

மகன் வந்தார்

மகன் சுதன் டை கட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. தாய் விரும்பிய வானை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதலில் அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்றார். நியாயம். மலை றோட்டு ஆபத்து என்றார். அதுவும் நியாயம், தலையாட்டினேன். பிறகுதான் சரக்கு வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்து பிள்ளைகளை ஆர் ஏற்றுவது? மனுசியின் ஷிஃப்டை எப்படி மாற்றுவது? வெளியாட்களிடம் பார்க்க விட்டால் அந்தப் பிள்ளைகள் சோறு சாப்பிடுங்களா?

அம்மாவிடம் கேட்டீரா என்றேன். அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றார். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ! ஒரு சமையல்காரி, ஒரு ஆயா, ஒரு டிரைவர், மூன்று பேரை வேலைக்கு வைத்துப் பாரும், அம்மாவுக்கு என்ன தெரியும் என்று அப்போது தெரியும் என்று கத்தினேன். டெரிக் ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார், எந்தப் பாஷையில் சண்டை என்றுகூட அவருக்கு விளங்கவில்லை. சுதன் டையைச் சரிசெய்துகொண்டு சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை: "அண்ணை, நீங்களும் தமிழன்தானே? தாய் தகப்பனை றோட்டிலை விட்டிட்டான் எண்டு நாளைக்குக் கோயிலிலை சனம் கதைச்சால், நீங்களோ வந்து பதில் சொல்லப்போறியள்?"

மூன்று கிழமைச் சுற்றுலா

கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. வாங்க வேண்டாம், கோடை விடுமுறைக்கு மூன்று கிழமை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம் என்று மகன் இறங்கி வந்தார். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தெற்குத் தீவுக்குப் போகும் கப்பலுக்கும் டிக்கெட் எடுத்துவைத்தா.

அண்ணை ஒரு பிழை விட்டார். எந்த வெள்ளைக்காரனும் அதைச் செய்யமாட்டான். புறப்பட முதல், வழியில் இருக்கிற சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். சொல்லாமல் போனால் கோபிப்பினமாம். ஹமில்டனில் மச்சான் வீட்டுக்காரர், வீடு இருக்க வானுக்குள் படுத்து எங்களை வெட்கப்படுத்தப் பார்க்கிறியளோ என்று உடுப்புப் பெட்டியோடு உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். விடிந்ததும், மாமி வந்திருக்கிறா, மாமியின் கைப்பக்குவத்தில் ஒரு கூழ் குடித்து எவ்வளவு நாள் என்று அக்காவைக் குசினிக்குள் தள்ளினார்கள். அங்கிருந்து பாமஸ்டன் நோர்த், அங்கேயும் அதே கூத்து. அடுத்த ஊருக்குக் கொடுக்கச் சொல்லி ஆளுக்கொரு பார்சல் வேறு. கப்பல் ஏறுகிற வெலிங்டனில் உச்சம்: தூரத்துத் தங்கச்சியின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டா, சாமத்திய வீடு, நின்று செய்துபோட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். அண்ணை சந்தோசமாக ஒப்புக்கொண்டார். அக்கா பலகாரம் சுட்டா. கப்பல் போய்விட்டது.

வான் திரும்பி வந்தபோது நான்தான் துப்புரவாக்க ஏறினேன். கட்டிலில் நான் மடித்து வைத்த போர்வை வைத்தபடி இருந்தது. பாதி நாட்டைச் சுற்றிய வானில் ஒருத்தரும் ஒரு இரவுகூடப் படுக்கவில்லை. அண்ணை டெரிக்கின் கையைக் குலுக்கி, அருமையான பயணம், எல்லாரையும் பார்த்தாச்சு என்றார். அந்த மனுசனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அக்கா திறப்பை என் கையில் வைத்தா. விரல் நுனிகளில் எண்ணெய் சுட்ட அடையாளம். "நியூசிலாந்திலை எத்தினை குசினி இருக்கெண்டு கேளுங்கோ, தம்பி. சொல்லுறன்."

போகுமிடம் தெரியாது

பள்ளிக்கூடம் தொடங்கிக் கொஞ்ச நாளில், ஒரு வியாழக்கிழமை காலை அக்கா வந்து தன் சேமிப்பில், முன்பு ஓடிப் பார்த்த அந்தச் சின்ன வானை வாங்கினா. விலையும் பேசவில்லை, யோசிக்கவும் இல்லை. இந்த முறை தான் போகப்போவதை ஒரு மாதமாக வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருந்தாவாம், மகன் ஒரு நாளும் பேப்பரை விட்டுத் தலை நிமிர்த்தவில்லையாம். மருமகளுக்கு லீவு நாளாகப் பார்த்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே வந்திருந்தா. அண்ணை ஒரு பையோடு பின்னால் வந்து, இடதுபக்கச் சீட்டில் ஏறி இருந்தார். மெதுவாகக் கிட்டப் போய், எங்கே அண்ணை பயணம் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற பிள்ளை மாதிரி முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கும் சொல்லேல்லை. போன் நம்பர் எழுதின டயறியை வைச்சிட்டு வந்தால் வரலாம், இல்லாட்டி வீட்டிலை இருக்கலாமாம்."

அன்று பின்னேரம் யார்டு பூட்டுகிற நேரத்தில் சுதன் போன் எடுத்தார். குரல் நடுங்கியது. எனக்கு ஒருகணம் பாவமாக இருந்தது. பிரேக் நல்லதா என்று கேட்கப்போகிறார், இரவில் எங்கே தங்குவினம், அப்பாவின் மருந்து இருக்கிறதா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் ஆறுதல் சொல்ல ஆயத்தமாக நின்றேன். வண்டியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. எங்கே போனார்கள் என்று கேட்டார், எனக்குத் தெரியாது என்றேன். பிறகு கேட்டார்: "அது சரி அண்ணை, நாளைக்குப் பிள்ளையளின்ரை சாப்பாட்டுப் பெட்டியை ஆர் கட்டுறது?"

ஓய்வுக்காலத்துக்கு மோட்டார்ஹோம் ஒத்துவருமா என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்டால், வண்டி எல்லாருக்கும் ஒத்துவரும், எங்கட வீடுகளில் அம்மா ஓய்வெடுப்பதுதான் ஒருத்தருக்கும் ஒத்துவராது என்று சொல்லி அனுப்புகிறேன்.