சம்மதம் கேட்ட படம்

என் மகளின் நிக்காஹ்வுக்குப் பெண்கள் பக்கம் படமெடுக்கச் சாய்ந்தமருதிலிருந்து ஒருத்தி வந்திருந்தாள். கறுப்பு அபாயா, கழுத்தில் டிஜிட்டல் கமரா. எடுத்த ஒவ்வொரு படத்தையும் உடனே திரையில் பார்த்து முகம் சுளிப்பாள், மறுபடி எடுப்பாள். பிலிமில் முப்பது வருடம் கல்யாணப் படமெடுத்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்துப் பாத்து எடுத்தா கை எப்பிடிப் பழகும் புள்ள?"

"நீங்க பிலிம் கழுவின பொறகுதானே பிழையப் பாத்தீங்க மாமா. நான் அந்த இடத்திலயே பாத்துத் திருத்திப் பழகினன்."

பிறகு, நிக்காஹ்வுக்கு முன் தகப்பன் கேட்கவேண்டிய முறைப்படி, நான் உள்ளே போய் மகளிடம் சம்மதம் கேட்டேன். மகள் தலையசைத்தாள். படமெடுக்க வந்தவள் ஒரேயொரு தடவைதான் அழுத்தினாள், திரையைப் பார்க்கவுமில்லை.

ஆம்பிளை என்பதால் பெண்கள் பக்கம் போகமுடியாமல் எத்தனையோ வீட்டு வாசல்களில் காத்து நின்றும் எனக்கு அகப்படாத கணம் அது. படத்தில் என் முகமும் விழுந்திருக்கிறது. இல்லாவிட்டால் நான் எடுத்ததென்றே சொல்லியிருப்பேன்.